மொட்டைக்கு விளக்கம்

"இது நீ இல்ல," என்றான் சிப்பாய்.

அன்று பின்னேரம் கப்பல்துறை வாசிகசாலையில் 'நான் என்று ஒருவன் இல்லை' என்ற தலைப்பில் இரண்டு மணித்தியாலம் பேசுவதற்காகப் போய்க்கொண்டிருந்தவர் ஞானசேகரம் மாஸ்டர்.

"நான்தான் ஐயா," என்றார் அவசரமாக.

சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கப்பட்ட சனம் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றது. அவருக்குப் பின்னால் துறைமுகக் கிளாக்கர் தவராசா. அந்தப் பதில் அவர் காதில் தேனாக விழுந்தது.

திருகோணமலை பௌத்த தத்துவ ஆய்வு வட்டத்தில் மொத்தம் இரண்டு பேர். ஞானசேகரம் தலைவர். தவராசா எதிர்க்கட்சி.

தேரவாதம், சர்வாஸ்திவாதம், சூனியவாதம் என்று எதில் தொடங்கினாலும், ஆள் என்று ஒன்று இல்லை என்ற இடத்தில்தான் தலைவர் வந்து நிற்பார். பிறகு தேத்தண்ணி கேட்பார்.

"ஆருக்கு?" என்பார் தவராசா.

தவராசா புத்கலவாதி. ஆள் என்று ஏதோ ஒன்று இருக்கத்தானே வேணும் என்று முனகிக்கொண்டிருந்த அந்தப் பிரிவு இந்தியாவில் அழிந்துபோய் எத்தனையோ நூற்றாண்டு. திருகோணமலைக் கிளை மட்டும் இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது.

தலைவரிடம் மகனைப் பற்றி விசாரிக்கவும் ஏலாது. "ஆருக்கு ஆர் மகன்?" என்று தொடங்கிவிடுவார். ஊரில் ஒருவரும் விசாரிப்பதில்லை.

போன கிழமை திடீரென்று மொட்டைத்தலையோடு வந்து நின்றார். தவராசா வாய் திறக்க முன்னமே விளக்கம் வந்தது. உடம்பின் முப்பத்திரண்டு கூறுகளில் தலைமயிர் முதலாவது. அதன் மேலிருந்த பற்றை அறுத்தாயிற்று.

மிச்சம் முப்பத்தொன்றும் எப்போது என்று தவராசா கேட்டார்.

இப்போது அந்த மொட்டைதான் பிரச்சினை. அட்டையில் இருந்தவருக்குச் சுருள் சுருளாக முடி.

சிப்பாய் பையைத் திறந்தான். உள்ளே பாளி நூல்கள், சிங்கள எழுத்தில் அச்சானவை.

தமிழன். மொட்டை. பாளி. சிப்பாய் மூன்றையும் கூட்டிப் பார்த்தான்.

"ஹாமுதுரு வேஷமா?"

மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்து இன்னும் இருவர் எழும்பினார்கள். தோளில் தொங்கிய துவக்கு கைக்கு வந்தது. பிக்குவின் காவி உடுப்பு எங்கே, எந்த விகாரைக்குள் புகுந்து குண்டு வைக்கப் போகிறாய் என்று கேள்விகள் விழுந்தன. மணல்மூட்டைக்குப் பின்னாலிருந்த கொட்டிலுக்குள் கொண்டுபோனால் ஆள் எப்போது வெளியே வருவார், வருவாரா என்று ஒருவராலும் சொல்ல ஏலாது.

தவராசாவால் பொறுக்க முடியவில்லை. வரிசையை விட்டு முன்னுக்கு வந்தார்.

"சேர், இவர் பெரிய பௌத்த அறிஞர். தர்மத்துக்காகத்தான் தலையை வழிச்சவர்!"

வட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவர் தலைவரை ஆதரித்துப் பேசியது அதுதான் முதல் தரம். நல்ல நேரம் பார்த்துப் பேசினார். இன்னொரு துவக்கு அவர் பக்கம் திரும்பியது.

ஞானசேகரம் தொண்டையைச் செருமினார். சபையில் என்றால் அடுத்து சூனியவாதத்து நாகார்ஜுனரின் மேற்கோள் வரும்.

"சல்லி அம்மன் கோவில் ஐயா," என்றார், தவராசாவுக்குக் கேட்காத குரலில். "நேர்த்தி. நேர்த்திக்கு மொட்டை போட்டனான்."

தவராசாவுக்குக் கேட்டது.

சிப்பாய்க்கும் கேட்டது. துவக்கு இறங்கியது. பாளி நூல்களால் விளங்காத மொட்டை ஒரு அம்மனால் உடனே விளங்கிற்று.

"என்ட அம்மாவும் கதிர்காமத்துக்கு வச்சது," என்றான் அவன். மணிக்கட்டில் பிக்குமார் ஓதிக் கட்டிய பிரித் நூல் அழுக்கேறிக் கிடந்தது. "என்ன கேட்டது?"

ஞானசேகரம் அவனுடைய உடுப்பைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார்.

"எனக்குத்தான் ஐயா. எனக்கு நல்ல சுகம் வேணும் எண்டு."

"அம்மன் குடுக்கும்," என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

சோதனைச் சாவடிக்கு அங்கால பஸ் நின்றது. இருவரும் ஏறி இருந்தார்கள்.

'எனக்கு' என்ற ஒரு சொல்லை அந்த வாயிலிருந்து பிடுங்கத் தவராசா பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது சாட்சிகளுக்கு முன்னால், ஆயுதங்களின் பாதுகாப்போடு, அது வந்து விழுந்திருக்கிறது. புத்கலவாதம் வென்றுவிட்டது.

தவராசா சிரிக்கவில்லை.

போன மாதம் சுற்றிவளைப்பில் ஞானசேகரத்தின் மகனை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனவர்களுக்கும் இதே உடுப்பு, இதே சப்பாத்து.

பஸ் வெளிக்கிட்டது. சீனக்குடாப் பக்கத்துக் கடல் யன்னலில் தெரிந்து மறைந்தது.

"தம்பியைப் பற்றி ஏதும் அறிஞ்சீங்களோ, மாஸ்டர்?"

ஆருக்கு ஆர் மகன் என்று அவர் கேட்கவில்லை. இல்லை என்று தலையாட்டினார்.

ஆனாலும் எதிர்க்கட்சி எதிர்க்கட்சிதான்.

"கேட்டது கிடைச்ச பிறகுதானே மொட்டை போடுறது?"

ஞானசேகரம் உள்ளங்கையால் தலையைத் தடவினார். முடி குற்றி குற்றியாக முளைக்கத் தொடங்கியிருந்தது.

"ஓம்," என்றார். "நான் முந்திக் குடுத்திட்டன்."