மருந்து போட்டது

முளைகட்டப் போட்ட விதை மண்ணுக்குள் போய்விட்டது.

ஊறப் போட்டவள் மருமகள் ஹர்ஷினி. புதைத்தவள் மாமியார். பார்த்துவிட்டவர் சங்கரபாண்டியன், வாயில் பிரஷ்ஷோடு.

கொல்லையில் முருங்கை மரத்தடியில் குத்தவைத்து, அவர் மனைவி விதையைக் குழியில் கொட்டினாள். மண்ணைத் தள்ளினாள். மேலே ஒரு கல்லையும் தூக்கி வைத்தாள்.

கல் வேறா?

சங்கரபாண்டியனுக்குச் சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி உண்டு. சுகரும் உண்டு. சென்னையிலிருந்து வந்த மருமகள், புரோக்கோலி விதையை முளைகட்டித் தின்னச் சொன்னாள். முழுப் பூவில் இருக்கிற சத்து முளையில் பல மடங்காம். வேக வைக்கக் கூடாதாம். நன்றாக மென்றால்தான் சத்து வெளியே வருமாம். முட்டைக்கோசு, முள்ளங்கி, கடுகு எல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள் என்று வம்சாவளி வேறு சொன்னாள். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னாள். அது மட்டும் அவர் காதில் விழவில்லை.

தின்பதற்கென்றே விற்கிற விதையை ஆன்லைனில் வாங்குகிறேன் என்றாள். விருதுநகரில் கிடைக்காத விதையா என்று இவரே போய் வாங்கிவந்தார். கம்பெனி பூராவும் சொல்லியாயிற்று.

அந்த விதைக்கு இந்தக் கதி.

"மருமக சொல்லி நான் தின்னா உனக்கு வயிறு எரியுதோ? புதைச்சுக் கல்லும் வைக்கிறே. இரு, அந்தப் பிள்ளையைக் கூப்பிடுறேன். வந்து பாக்கட்டும்."

"மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்டுக் கோழி கிளறிரக் கூடாதுன்னுதான் கல்லு."

விரல்களை நீட்டினாள். ரோஸ் நிறம் ஏறியிருந்தது. விதை ஊறின தண்ணீரும் அதே நிறமாம்.

"கடைக்காரன் ஒண்ணுமே கேக்கலையா உங்ககிட்ட?"

கேட்டிருந்தான். மருந்து போட்டதா, போடாததா என்று. சங்கரபாண்டியன் யோசிக்கவே இல்லை. பட்டாசில் மருந்து குறைந்தால் சரக்கு புஸ்ஸென்று போகும் என்பது சிவகாசியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். போதாததற்கு இவர் சுகர்காரர். மருந்து போட்டதையே கொடு என்று அதட்டி வாங்கிவந்தார்.

"அது விதைக்கிறதுக்குங்க. பூசணம் பிடிக்காம இருக்க விஷம் தடவியிருக்கு. நேத்தே கடைக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன்."

பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார்.

"அந்தப் பிள்ளை கேட்டா?" குரல் இறங்கியிருந்தது.

"கிண்ணத்துல கடுகை ஊற வச்சாச்சு. பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். அதுவும் சொந்தம்னு அவதானே சொன்னா. நீங்க ஊரெல்லாம் பீத்திட்டு வந்திருக்கீக. சும்மா இருங்க."

பிரஷ்ஷை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் முளை பச்சைப்பசேலென்று நின்றது. ஹர்ஷினி தட்டில் வைத்துக் கொடுத்தாள். மென்றார். மூக்கில் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"காரமா இருக்குல்ல மாமா? அதுலதான் சத்தே இருக்கு. உங்க விதை சூப்பர்."

சொல்லிக்கொண்டே போனில் படம் எடுத்து அனுப்பினாள். உடனே பதில் வந்தது. சென்னைத் தோழிகள் எல்லோருக்கும் அதே விதை வேண்டுமாம்.

"கடைப் பேரு சொல்லுங்க மாமா."

சங்கரபாண்டியன் இன்னொரு பிடி முளையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

அடுக்களையிலிருந்து மனைவி முந்திக்கொண்டாள். அங்கன சரக்கு தீர்ந்துபோச்சாம் என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஹர்ஷினி விடவில்லை.

"பரவால்ல அத்தை. அவங்க பக்கத்துல ஏதாவது விதைக்கடையில வாங்கிப்பாங்க."

டைப் அடிக்கத் தொடங்கினாள்.

"நிறுத்து தாயி," என்றார் சங்கரபாண்டியன். "நீ சொன்ன மாதிரி தின்கிற விதையைத்தான் வாங்கச் சொல்லு. நான் வாங்கிட்டு வந்தது விஷம் தடவின விதை. அது முருங்கை மரத்தடியில கிடக்கு. இப்ப நாம தின்கிறது கடுகு."

ஹர்ஷினியின் விரல் போனிலேயே நின்றது. யார் மாற்றியது என்று கேட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து மனைவியை 'இந்தா', 'ஏட்டி' என்றே கூப்பிட்டுப் பழகிய வாய். இன்னொரு தரம் மென்று விழுங்கினார்.

"பொன்னுத்தங்கம்."