கம்பியண்ணனுக்குப் பிடித்தவர்

மருதமரத்து வௌவால்களுக்கு விடிந்தால் சண்டைதான். யார் பக்கத்தில் யார் தொங்குவது என்று கீச்சிட்டே பாதிப் பகல் போய்விடும். இதற்கொரு முடிவு கட்டலாம் என்று கூர்மூக்கி வௌவால் கிளை கிளையாகப் போய் விசாரித்தது.

"உன் பக்கத்தில் யார் இருந்தால் உனக்கு நிம்மதி?"

முதலில் கேட்ட கிழட்டு வௌவால் யோசிக்கவே இல்லை. "கம்பியண்ணன்தான். நான் எவ்வளவு புலம்பினாலும் குறுக்கே பேசாமல் கேட்பார்."

மற்றவையும் அதையேதான் சொல்லின. சதா சண்டை போடும் இரட்டையர்கூட இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். கூர்மூக்கியின் பெயரை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை.

கம்பியண்ணன் மரத்தில் தங்குவதில்லை. மரத்தை ஒட்டிப் போகும் மின்கம்பியில் தனியாகத் தொங்குவார். எல்லாம் கிளையிலிருந்தே அவரிடம் பேசிவிட்டுத் திரும்பும்.

கூர்மூக்கி அவர் முகத்துக்கு நேராகவே பறந்து போனது. "அண்ணே, உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?"

காற்று அடித்தது. காய்ந்துபோன இறக்கை சருகுபோலச் சலசலத்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு குழிகள்தான் இருந்தன.

கூர்மூக்கி திரும்பியபோது மரமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"அண்ணன் யாரைச் சொன்னார்?"

"என்னை" என்றது கூர்மூக்கி.

அன்று முதல் எல்லா வௌவால்களும் அதன் பக்கத்தில் இடம் பிடித்து மனக்குறைகளைக் கொட்டின. கூர்மூக்கி வாயே திறக்கவில்லை. இறக்கையைப் போர்த்திக்கொண்டு, காற்று அடிக்கும்போது மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.