அரசாங்கம் காப்பாற்றிய மெஷின்

தமயந்தி சாலையின் நடுவில் நின்றுவிட்டாள்.

மன்னார்குடிக்குப் போகும் சாலையில் அந்த இரண்டு கடைகளும் எதிரெதிரே. இந்தப் பக்கம் ஆரஞ்சு நிற அறுவடை மெஷின். அந்தப் பக்கம் பச்சை. இரண்டிலும் ஏறி உட்கார்ந்து பார்த்தாயிற்று.

பஸ்காரன் ஹாரனை அழுத்தினான். ஓரத்துக்கு வந்தாள்.

பச்சைக் கம்பெனியை அரசாங்கம் பணம் போட்டுத் தூக்கி நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. அந்தக் கடை வாசலில் அதற்கென்றே ஒரு புது பேனர்.

"அரசாங்கமே பின்னாடி நிக்குதுக்கா. இதுக்கு மேல என்ன கேரண்டி வேணும்?" என்றார் பச்சைக் கடைக்காரர்.

ஆரஞ்சுக் கடைக்காரர் சிரித்தார்.

"பின்னாடி ஒரு ஆளு புடிச்சுக்கிட்டு நிக்கிறாருன்னா, தானா நிக்க முடியலன்னுதானம்மா அர்த்தம்?"

இரண்டு பேரும் சொன்னது சரியாகத்தான் பட்டது.

அதுதான் தொல்லை.

அவளிடம் முன்பு இருந்ததும் பச்சைதான். வாங்கச் சொன்னது தம்பி இளவழகன். ஓசூர் பக்கம் அந்தக் கம்பெனியில் மெஷின் பாகங்களைப் பூட்டுகிற வேலை அவனுக்கு. ஐந்து வருடம் அது ஊர் ஊராக வாடகைக்குப் போய் அறுத்தது. புருஷன் போன பிறகு அவளை நிமிர வைத்ததே அதுதான்.

போன வருடத் தையில், பக்கிரிசாமி வயலில், பாதி அறுப்பில் நின்றது.

கியர்பாக்ஸில் ஒரு பல்சக்கரம் உடைந்திருந்தது. கேட்டதற்கு, நாளை வரும் என்றார்கள். மறுநாளும் நாளை என்றார்கள். அந்த வாரமே கம்பெனியைப் பூட்டினார்கள்.

வேறு மெஷின் எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை.

மழை வந்தது.

சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிட்டது. பக்கிரிசாமி திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் வரப்பில் உட்கார்ந்து, முளைத்த கதிர் ஒன்றை உருவிக்கொண்டே இருந்தார்.

வேலை போன தம்பி வீட்டுக்கு வந்தான். ஏழு மாதம். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு, தட்டைப் பார்த்தே எழுந்து போவான்.

பிறகு அரசாங்கம் கை கொடுத்தது. கம்பெனி திரும்பக் கூப்பிட்டது. கிளம்புகிற அன்று விடியுமுன்பே குளித்து, முகம் மழித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு நின்றான். அந்த முகத்தை அவள்தான் பார்த்தாள்.

ஊர்ப் பணத்தில் பிழைத்த கம்பெனி. ஊர்க்காரர்களே வாங்காவிட்டால் யார் வாங்குவார்கள் என்று டிவியில் ஒருவர் கேட்டார். பிழைக்கத் தெரியாததை ஏன் பிழைக்க வைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

புளியமர நிழலில் நின்று தம்பியைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் இரும்புச் சத்தம்.

"சொல்லுக்கா."

"உங்க மெஷினையே வாங்கட்டுமாடா?"

உடனே வாங்கு என்பான் என்றுதான் நினைத்திருந்தாள். சத்தம் குறைந்தது. அவன் எங்கோ வெளியே நடந்து வருகிறான்.

"பார்ட்ஸ் எல்லாம் இப்ப கிடைக்குதா?" என்றாள்.

"நாலு பேரு மெஷின் வாங்குனாத்தான்க்கா பார்ட்ஸ் பண்ணுவாங்க."

"பார்ட்ஸ் இருந்தாத்தானடா நாலு பேரு வாங்குவாங்க?"

"அதான்க்கா."

"அதான்னா?"

"எது மொதல்லன்னு இங்க யாருக்கும் தெரியலக்கா."

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

அவன் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மர நிழல் நகர்ந்து வெயில் மேலே விழும்வரை நின்றாள். பச்சையை விடுவது தம்பியை விடுவது போல் இருந்தது. பச்சையை எடுத்தால், இன்னொரு வரப்பில் இன்னொரு பக்கிரிசாமி. போன வாரம்தான் எட்டு ஊர்க்காரர்களுக்கு அறுப்புக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஆரஞ்சுக் கடைக்குள் போனாள்.

தாளை நீட்டினார்கள். கையெழுத்து போட்டாள்.

"மெஷின் ஓட்டப்போறது யாரும்மா? ரெண்டு நாள் ட்ரெய்னிங் இருக்கு. பேரு சொல்லுங்க."

"இளவழகன்."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது.

கடைக்காரர் எழுதிக்கொண்டார். எழுதி முடிப்பதற்குள் அதுவே சரி என்று பட்டது. அவனை வரச் சொல்லிவிடலாம். என்றைக்கு மூடுவார்களோ என்று அங்கே கிடப்பதற்கு, இங்கே வந்து ஓட்டட்டும். பூட்டத் தெரிந்தவனுக்கு ஓட்டத் தெரியாதா? அன்று காலையிலிருந்து முதல் முறையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

அவர் உள்ளே போய் வெற்றிலைத் தட்டில் சாவியை வைத்து எடுத்து வந்தார்.

போன் அடித்தது. தம்பிதான்.

"அக்கா, சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன்." அவன் குரலில் மூச்சு வாங்கியது. படியேறி ஓடி வந்திருக்க வேண்டும். "மொதல்ல அவரு முடியாதுன்னாரு. விடல. உன் மெஷின் என் லைன்லயே வருது. ஒவ்வொரு போல்ட்டையும் நானே பாத்து முடுக்குறேன். கியர்பாக்ஸ் பார்ட்ஸ் ஒரு செட்டு வண்டியோடவே வச்சு அனுப்பச் சொல்லி எழுதி வாங்கிட்டேன். நின்னா நான் பொறுப்புன்னு நானும் கையெழுத்து போட்டுருக்கேன்."

சாவித் தட்டை நீட்டியபடி கடைக்காரர் நின்றார்.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்டா" என்றாள்.