சுற்றாத மின்விசிறி

அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தில் எந்தக் கருத்தரங்கு என்றாலும் முதலில் மேடை மின்விசிறியை நிறுத்துவார்கள். துணைவேந்தர் குத்துவிளக்கு ஏற்றுவார். கைதட்டல் ஓய்வதற்குள் மின்விசிறியைப் போட்டுவிடுவார்கள். விளக்கு அணைந்துவிடும்.

எரிகிறவரைக்கும்தான் விளக்குக்குக் காது கேட்கும். அதனால் கைதட்டலைத் தவிர அது எதையும் கேட்டதில்லை. ஒருநாள் ஏற்றியதும், "இங்கே என்னதான் பேசுகிறார்கள்? இன்றைக்காவது கேட்க விடேன்" என்று மின்விசிறியிடம் கெஞ்சியது.

"சரி, நான் சுற்றவில்லை" என்றது மின்விசிறி.

சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். மின்விசிறி அசையவே இல்லை. வேறு நிகழ்ச்சி இருக்கிறதென்று துணைவேந்தர் வழக்கம்போலக் கிளம்பினார். வழியனுப்பப் போன பேராசிரியர்கள் திரும்பவில்லை. மாணவர்கள் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்க நழுவினார்கள். ஆய்வு மாணவி தமயந்தி மட்டும் காலி நாற்காலிகளைப் பார்த்து, ஊர் ஏரியில் கெண்டை மீன் ஏன் குறைந்தது என்ற தன் கட்டுரையை வாசித்தாள்.

விளக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. கடைசிப் பக்கத்தில் வியர்வை கண்ணில் இறங்கி அவளுக்கு எழுத்தே தெரியவில்லை. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"சுற்று" என்றது விளக்கு.

"காரணத்தை இப்போதுதான் சொல்லப்போகிறாள். ஒரு பக்கம்தானே, பொறுத்துக்கொள்ளேன்" என்றது மின்விசிறி.

"அந்தப் பெண்ணுக்கு வேர்க்கிறது. நீ சுற்று. மீனுக்கு என்ன ஆச்சு என்று அடுத்த தடவை என்னை ஏற்றும்போது சொல்லு."