நாற்பது நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு லென் வேனைப் பின்வாசலோடு ஒட்டி நிறுத்தினான். துறைமுகப் பேட்டையில் ஈ காக்கை இல்லை. ரேவன்ஸ்பி ஊரே டவுன் ஹாலில் தேர்தல் விவாதம் கேட்கப் போயிருந்தது. போகாதவர்கள் வீட்டில் ரேடியோவை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

முன்பக்கச் சுவரில் ‘வெல்மாரிக் - உலகத் தலைமையகம்’ என்று பித்தளைப் பலகை மின்னியது. இருபது நாடுகளில் வியாபாரம் செய்கிற கம்பெனி.

பின்கதவுப் பூட்டின் நாலு எண்களும் லென்னுக்கு மனப்பாடம். கையுறையோடு அழுத்தினான். திறந்தது.

“நாலு மணிக்குள்ள வேலைய முடிச்சிட்டு, வந்த சுவடே தெரியாம கிளம்பிடணும்” என்று போனில் சொல்லியிருந்தார், இந்த வேலையைக் கொடுத்த, பெயர் சொல்லாத ஆள்.

லென் தண்டனை முடியுமுன்பே பரோலில் ஜெயிலிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இன்னொரு முறை மாட்டினால், மீதி மூன்று வருஷத்தையும் உள்ளேயே கழிக்க வேண்டும். வரும் சனிக்கிழமை மகள் கெர்ரிக்குக் கல்யாணம். அவள் கையைப் பிடித்து சர்ச்சுக்குள் அழைத்துப் போக வேண்டியவன் அவன்.

“நாற்பது மேசை, நாற்பது நாற்காலி, நாற்பது கம்ப்யூட்டர். நாம ரெண்டே பேர். மச்சான், இது அடுக்குமா?” என்றான் டாரன். லென்னின் தங்கை புருஷன்.

“வாயால தூக்காத மாப்ளே, கையால தூக்கு.”

வேன் ரேடியோவில் விவாதம் சூடு பிடித்திருந்தது. முதலில் கேட்டது ஆளுங்கட்சி வேட்பாளர் கிளைவ் ஆட்டர்பர்னின் குரல்.

“ஐரோப்பிய யூனியனை விட்டு நாம வெளிய வந்ததே எதுக்கு? நம்ம வரிய நாமளே முடிவு பண்ணத்தான்! குறைச்சோம், வெல்மாரிக் தேடி வந்தாங்க. நம்ம ஊர்ல நாற்பது பேருக்கு வேலை!”

“நாற்பது பேர் வேலை பாக்கறாங்கன்னு சொல்லித்தானே அவங்களுக்கு வரியே வேணாம்னு விட்டீங்க?” இது எதிர்க்கட்சியின் பெவர்லி ஸ்டோக்ஸ். “எங்க தெருவுல ரொட்டிக்கடை வச்சிருக்கற மோலி ஒழுங்கா வரி கட்டறா. இவங்க அஞ்சு பென்ஸ்கூட கட்டல. நாலு மணிக்கு இது முடிஞ்சதும், கேமராவோட நேரா அந்த ஆபீசுக்குத்தான் போறேன். நேத்து நோட்டீஸே போட்டுட்டேன்.”

“தாராளமா வாங்க. நாற்பது மேசையும் உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கும்!”

டாரனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிடித்திருந்த மேசை ஆடியது.

“கேட்டியா மச்சான்? காத்துக்கிட்டிருக்குமாம்!”

“சிரிச்சது போதும். மணியப் பாரு.”

மூன்று இருபதுக்கு கிளைவ் மீன்பிடி உரிமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மூன்று முப்பத்தைந்துக்கும் மீன்தான்.

“இந்த ஆளு கடல்ல இருக்கற ஒவ்வொரு மீனையும் பேர் சொல்லிக் கூப்பிடுவான் போல.”

“கூப்பிடட்டும். நமக்கு நல்லதுதான்.”

மூன்று ஐம்பதுக்கு டாரன் வேனின் கதவைச் சாத்தினான். லென் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“கெட்டில்!”

“விட்டுத் தொலை மச்சான்! டீத்தண்ணி கொதிக்கவைக்கற ஒரு கெட்டிலுக்காகவா ஜெயிலுக்குப் போகப்போற?”

“கெட்டில் இல்லாம வேலை முழுசாகாது.”

கெட்டிலும் கையுமாக லென் வாசற்படியில் நின்றபோது, போலீஸ் கார் ஒன்று உருண்டு வந்து நின்றது. சார்ஜென்ட் ஐலீன் தோர்ப். லென்னை மூன்று முறை கைது செய்தவர்.

“என்ன லென், ஞாயித்துக்கிழமை கூட கை சும்மா இருக்காதா?”

“கம்பெனி வேலை மேடம். சாமான் ஏத்தி இறக்கறோம்.”

“காகிதம் இருக்கா?”

நீட்டினான். அவர் முன்னும் பின்னும் புரட்டினார். முத்திரையை வெயிலில் பிடித்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. ஆனால் லென் கையிலிருந்து வாங்கினால் பத்து பவுண்டு நோட்டுகூடக் கள்ள நோட்டாகத்தான் தெரியும்.

“கெட்டிலுமா?”

“பட்டியல்ல இருக்கு மேடம். கடைசி வரி.”

இருந்தது. சார்ஜென்ட் அதை இரண்டு முறை படித்தார். அதற்குள் அவர் தோளிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. விவாதம் முடிந்துவிட்டது, கூட்டம் கிளம்பிவிட்டது, பாலத்தில் போக்குவரத்தைப் பார்க்க வேண்டும்.

“கெர்ரிக்கு சனிக்கிழமை கல்யாணமாமே. அதுவரைக்குமாவது யோக்கியமா இரு.”

கார் போனது. டாரன் எஞ்சினை முடுக்கினான். லென்னோ வேனில் ஏறாமல் மறுபடி உள்ளே போனான். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். டாரன் ஹாரனில் கை வைத்து, அழுத்தாமல் எடுத்தான். மூன்றாவது நிமிடம் லென் வெளியே வந்து கதவைப் பூட்டினான்.

“உள்ள என்ன பண்ணிக்கிட்டிருந்த?”

“சின்ன வேலை. எடு வண்டிய.”

கேமரா கார்கள் முன்பக்கம் திரும்பியபோது வேன் பின்தெருவில் கடகடவென்று பறந்துகொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளி, மீன் வறுவல் கடை வாசலில் நிறுத்தி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்கள்.

“கதவு திறந்தாச்சு. திருமதி ஸ்டோக்ஸ் உள்ள போறாங்க...” செய்தியாளரின் குரல் சற்று நின்றது. டாரன் ரேடியோவோடு காதை ஒட்டிக்கொண்டான்.

“நாற்பது மேசை... நாற்பது நாற்காலி... எல்லாமே இருக்கு, நேயர்களே! திருமதி ஸ்டோக்ஸ் எதையும் நம்பாம நேரா மூலைல இருக்கற கெட்டிலத் தொட்டுப் பாக்கறாங்க. கைய இழுத்துக்கிட்டாங்க. கொதிக்குதாம்!”

“ஞாயித்துக்கிழமையும் யாரோ உழைச்சுட்டு இப்பத்தான் போயிருக்காங்க!” என்று கிளைவ் முழங்கினார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

லென் வலிக்கிற முதுகை நீவிவிட்டுக்கொண்டான்.

இருபத்திரண்டு வருஷத் திருட்டுத் தொழிலில், காலியாகக் கிடந்த கட்டிடத்துக்குள் சாமான்களைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தது அவனுக்கு இதுதான் முதல் தடவை.