கழண்டுக்கிட்ட பெல்ட்டு

இதுல ஒரு வார்த்தை பொய்யின்னா, என் நாக்கு வெந்து கொழுக்கட்டையாகட்டும்.

மாவு விக்கிற செண்பகம் வீட்டுல ஒரு கிரைண்டர். அதுக்குள்ள மோட்டாருக்கும் கல்லுக்கும் விடிஞ்சா சண்டை. "சுத்துறவன் நான்டா!" "அரைக்கிறவன் நான்டா!" ரெண்டுக்கும் நடுவுல இழுபட்டுக்கிட்டுக் கெடந்த பெல்ட்டுக்குக் காது கிழிஞ்சுது.

"நீ எங்க தயவுல ஒட்டிக்கிட்டு இருக்கிற ரப்பர் துண்டு, பொத்திக்கிட்டு இரு"ன்னுச்சு மோட்டார்.

"அப்படியாண்ணே? நீங்களே பாத்துக்கோங்க"ன்னு பெல்ட்டு கழண்டு கீழ விழுந்துருச்சு.

மோட்டாருக்கு ஒரே குஷி. "இன்னிக்கு எம்புட்டு லேசா ஓடுறேன் பாத்தியா!" கல்லுக்கும் குஷி. "அப்பாடா, இன்னிக்குத்தான் நிம்மதியா உக்காந்திருக்கேன்!" அரிசி அப்படியே கெடக்கு.

"அட முட்டாப் பயலுகளா, வாசல்ல மாவுக்கு ஆள் நிக்குது! ஒரு வார்த்தை கூப்பிடுங்க, ஏறிக்கிறேன்"ன்னு பெல்ட்டு கத்துச்சு. யாரு கேட்டா?

செண்பகம் தட்டிப் பாத்தா, உதைச்சும் பாத்தா. "இந்தச் சனியனோட மாரடிக்க முடியாது"ன்னு பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுட்டா.

"அம்மா, நான் நல்லாத்தானே ஓடுறேன்!"னு மோட்டார் அலறுச்சு. "எனக்கு ஒரு கீறல்கூட இல்லியே!"ன்னு கல்லு அழுதுச்சு.

"நானும் புதுசாட்டம்தான்டா இருக்கேன், இருந்து என்னத்த!"ன்னு பெல்ட்டு தலையில அடிச்சுக்கிச்சு.

மோட்டார் சாக்குக்குள்ள போச்சு. கல்லு கதவுக்கு முட்டுக் கொடுக்கப் போச்சு. ரப்பரை இரும்புக்காரன் சீந்தவே இல்ல, தெருநாய்தான் கவ்விக்கிட்டு ஓடுச்சு.

"டேய், மெதுவா கடிடா, நான் கிரைண்டர்டா!"ன்னு பெல்ட்டு போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு.

வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டீங்கல்ல? ஆளுக்கொரு சூடான போண்டாவை எடுத்து வைங்க. சட்னி வரலைன்னா கதையைத் திருப்பி வாங்கிக்குவேன்.