ஆறு மணிக் களவு

"உங்க வைஃபையை யாரோ திருடறாங்க அத்தை. முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க" என்று மாப்பிள்ளை போனில் சொல்லிவிட்டார்.

யாரோ என்ன யாரோ. யாரென்று டீச்சருக்கு நன்றாகவே தெரியும்.

டீச்சர் வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் கணக்குப் பாடம் நடத்துகிறார். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை, இருபத்தெட்டுப் பிள்ளைகள். சரியாக ஆறு மணிக்கு நெட் போய்விடும். இரண்டு மூன்று நிமிஷம் கழித்துத்தான் வரும். அதற்குள் பாதி வகுப்பு கலைந்திருக்கும்.

நேற்று வகுப்பை ஏற்பாடு செய்யும் நிறுவனத்திலிருந்து பேசினார்கள். இன்னொரு தடவை நடுவில் நின்றால் வகுப்பை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். முப்பத்தொரு வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவரிடம், நேற்றுப் பிறந்த பெண் ஒருத்தி பேசுகிற பேச்சா இது? போனை வைத்ததும் டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆறு மணிக்கு இந்தக் கட்டடத்தில் அப்படி என்ன நடக்கிறது? எதிர்வீட்டு ஆம்புலன்ஸ் டிரைவர் வேலைக்குக் கிளம்புகிறான். மாடிப்படியில் அவன் பூட்ஸ் சத்தம் இறங்கும், இங்கே நெட் போகும். கிளம்புகிற அவசரத்தில் ஏதோ சினிமாவை மொத்தமாக உறிஞ்சிக்கொண்டு போகிறான், வேறென்ன?

வெறும் சந்தேகம் என்றால்கூட விட்டுவிடலாம். முந்தாநாள் நெட் போனதும் டீச்சர் எரிச்சலோடு வாசலுக்கு வந்தார். எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னால் டிரைவர் பெண்டாட்டி, "ஐயோ, டீச்சருக்கு நெட் போயிருக்குமே" என்று தனக்குத்தானே பதறுவது காதில் விழுந்தது. என் வீட்டில் நெட் போனது அவளுக்கு எப்படித் தெரியும்? வாய் நிறைய டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டே செய்கிற வேலையைப் பாருங்கள்.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் நெட் கம்பெனி ஆளை வரவழைத்திருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். பிள்ளைகளைப் பத்துக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு, டீச்சர் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். பூட்டை மாற்றும்போது திருடனும் நின்று பார்க்கட்டுமே.

புருஷனும் பெண்டாட்டியும் வெளியே வந்தார்கள். அவன் தோளில் பையோடு கிளம்பத் தயாராக இருந்தான். அவள் இடுப்பில் குழந்தை, கையில் போன்.

"பாஸ்வேர்டை மாத்தப் போறேன்மா. இனிமே ஓசியில படம் பாக்கறவங்க வேற வீடு பாத்துக்கலாம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் விடவில்லை. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனே என்றார். நாளைக்கு எனக்கு இந்த வகுப்பு போனால் நீயா பொறுப்பு என்றார். உயிரைக் காப்பாற்றுகிற வண்டி ஓட்டுகிறவன் அடுத்தவர் பிழைப்பில் கை வைக்கலாமா என்று கேட்டார். மேல்மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்ததும் குரல் இன்னும் ஏறியது. டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். பெண்டாட்டியோ போனில் மளமளவென்று எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் பேசிட்டிருக்கேன், அங்க என்ன போன் வேண்டிக்கிடக்கு?"

"ஒரு நிமிஷம் டீச்சர்" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

அதற்குள் உள்ளேயிருந்து நெட் கம்பெனி ஆள் கூப்பிட்டார். பீரோ மேலிருந்த வைஃபை பெட்டியை இறக்கி, தன் போனில் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க லைன் அறுந்து மூணு வாரம் ஆச்சேம்மா. ரோடு தோண்டினப்ப போயிருக்கு. நீங்க ஒரு கம்ப்ளைண்ட்கூட குடுக்கலையே."

"என்னய்யா உளர்றீங்க? அப்ப என் கிளாஸ் எப்படி நடக்குது?"

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "இது இந்தப் பெட்டியில ஓடல. பக்கத்துல யாரோ தன் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு விட்டிருக்காங்க. அதுல ஓடுது."

டீச்சருக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. வாசலில் ரோடு தோண்டிய நாள். நெட் இல்லாமல் தவித்தபோது எதிர்வீட்டுக்காரிதான் வந்து லேப்டாப்பில் ஏதோ தட்டினாள். லைன் வருகிற வரைக்கும் எங்கள் இரண்டு பேர் போனில் ஏதாவது ஒன்றில் ஓடட்டும் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளும் நெட் ஓடியது. லைன் வந்துவிட்டது என்று டீச்சர் தானாகவே முடிவுகட்டிக்கொண்டார். ஒரே நாளில் சரிசெய்துவிட்டார்கள் பார்த்தாயா என்று அவளிடமே பெருமையும் அடித்தார். அவள் சிரித்தாள், அதோடு சரி.

டீச்சர் மெதுவாக வாசலுக்குத் திரும்பினார். மணி ஆறைத் தாண்டியிருந்தது. வேலைக்கு நேரமாகியும் டிரைவர் படியிறங்காமல் நின்றுகொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி அப்போதுதான் போனிலிருந்து நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"என் போன்லயும் அதே பேரு, அதே பாஸ்வேர்டு போட்டுட்டேங்க. தினமும் நீங்க போனப்புறம் உங்க போன்லேருந்து என் போனுக்கு மாத்தறதாலதான் நடுவுல கட்டாயிருக்கு. இப்ப கிளம்புங்க, டீச்சர் கிளாஸ் நிக்காது."